டைனோசர் வாயைத் திறந்தது

கொன்றைக்காட்டுக் குளக்கரையில் ஒரு நரி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. முயல், மான், அணில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படித்தன.

நரிக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அது கழுத்தில் டை கட்டியிருந்தது. பெற்றோர்களுக்கு அது போதுமாக இருந்தது.

"நான் இறைச்சியை விட்டு ரொம்ப காலம் ஆச்சு. இப்பல்லாம் கிழங்கு மட்டும்தான்" என்று நரி சொல்லியிருந்தது. டை கட்டியவர் பொய்யா சொல்லப் போகிறார் என்று அதையும் நம்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பாடம்தான். "வாயை நல்லாத் திற! சத்தமாச் சொல்லு!" என்று நரி அதட்டும். "எல் ஃபார் லீஃப்! டி ஃபார் டைனோசர்!" என்று பிள்ளைகள் காடு அதிரக் கத்தும். வீட்டுக்கு யார் வந்தாலும் பெற்றோர்கள் பிள்ளையை முன்னால் நிறுத்திக் கத்தச் சொல்வார்கள். வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பாராட்டுவார்கள்.

குண்டுமணி என்ற முயல்குட்டியிடம் மட்டும் ஒரு வேண்டாத பழக்கம் இருந்தது. அது கேள்வி கேட்கும்.

"சார், லீஃப்னா என்ன சார்?"

"லீஃப்னா லீஃப்தான். பேசாம உட்காரு."

குண்டுமணி உட்கார்ந்தது. இலைக் குவியலின் மேல்தான் உட்கார்ந்தது. பாவம், அதற்குத் தெரியவில்லை.

பரீட்சை இன்னும் வேடிக்கை. நரி ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பார்க்கும். "படிப்பு ஏறினா உடம்பு கனக்கும்" என்று விளக்கமும் சொல்லும். இந்த முறை எல்லாரையும்விடக் கனமாக இருந்தது குண்டுமணி. நரி அதை இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்கியது.

"உங்க பிள்ளைதான் முதல் மார்க்" என்று அம்மா முயலிடம் சொன்னது. "நாளைக்குக் காலையில மேல்படிப்புக்கு மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன். துணைக்கு யாரும் வர வேண்டாம்."

அம்மா முயலுக்குத் தலைகால் புரியவில்லை. காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. குண்டுமணிக்கோ போக மனமே இல்லை.

அன்று மாலை குளக்கரை மரங்கள் சடசடவென்று விலகின. பனைமர உயரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் நீளமான கழுத்தும், குன்று போன்ற உடம்பும் மெதுவாக வந்து சேர்ந்தன. எல்லாரும் புதருக்குள் பாய்ந்து ஒளிந்தார்கள்.

"பயப்படாதீங்க. நான் டைனோசர்" என்றது அது. "எங்க பக்கம் மழையே இல்லை. தழையெல்லாம் கருகிப் போச்சு. நடந்து நடந்து காலும் ஓய்ஞ்சு போச்சு. இங்கே தங்கிக்கலாமா?"

எல்லாரும் புதருக்குள் இன்னும் உள்ளே ஒதுங்கினார்கள். ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மா முயலால் சும்மா இருக்க முடியாது. புதருக்குள் நடுங்கிக்கொண்டே, "குண்டுமணி, இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டு" என்றது.

"எல் ஃபார் லீஃப்" என்றது குண்டுமணி, தலையை மட்டும் வெளியே நீட்டி.

டைனோசர் கழுத்தை நீட்டி ஓர் இலையைப் பறித்து அதன் முன்னால் போட்டது. "இந்தா லீஃப். தின்னு பாரு, நல்லா இருக்கும்."

"அட, இலையா!" என்று துள்ளியது குண்டுமணி. "தினமும் தின்கிறோமே, இதுதானா?"

அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடி வந்துவிட்டன. டைனோசர் மரத்தைத் தொட்டு "ட்ரீ" என்றது. குளத்து நீரை வாயில் எடுத்துப் பிள்ளைகள் மேல் பீச்சி "வாட்டர்" என்றது. நனைந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் மறக்குமா?

புதருக்குள்ளிருந்து பார்த்த நரிக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடம் போகட்டும். நாளைக் காலைச் சாப்பாடும் அல்லவா போய்விடும் போலிருக்கிறது.

"விரட்டுங்க அதை!" என்று அது கத்தியது. "டைனோசர்னா இறைச்சி தின்கிற மிருகம். விடியறதுக்குள்ள உங்க பிள்ளைகள்ல ஒண்ணுகூட மிஞ்சாது!"

பெற்றோர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். டைனோசரின் பெரிய கண்களில் நீர் தளும்பியது. அது திரும்பி நடக்கத் தொடங்கியது.

"அண்ணா, நில்லுங்க" என்று குண்டுமணி அதன் காலடியில் போய் நின்றது. "நீங்க தழைதான் தின்பீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல்லைப் பாரு. பல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

டைனோசர் தலையைத் தரையில் வைத்து வாயைத் திறந்தது. குண்டுமணி உள்ளேயே எட்டிப் பார்த்தது. அம்மா முயல் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே சீப்பு போல வரிசையாக மழுங்கிய பற்கள்தான் இருந்தன. டைனோசர் ஒரு கிளையை அந்தச் சீப்பில் இழுத்தது. இலை முழுக்க வாய்க்குள் போயிற்று. குச்சி மட்டும் வெளியே வந்தது.

"எங்க கூட்டத்துல இறைச்சி தின்கிறவங்களும் உண்டு" என்றது டைனோசர். "அவங்க பல்லு கத்தி மாதிரி கூரா, வளைஞ்சு இருக்கும்."

பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. "அம்மா, வாயைத் திற!" "அப்பா, ஆ காட்டு!" என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தன. மான் அம்மாவுக்கு மேல்வரிசையில் முன்பற்களே இல்லை. அது வெட்கப்பட்டுக்கொண்டே காட்டியது. எந்த வாயிலும் கத்திப் பல் இல்லை.

கடைசியில் நரி ஒன்றுதான் பாக்கி.

"சார், நீங்க காட்டுங்க" என்றது குண்டுமணி.

"வாத்தியார் வாயைப் பார்க்கிறது மரியாதை இல்லை" என்று நரி உதடு பிரியாமல் முனகியது.

"காதுல விழலை சார். வாயை நல்லாத் திறங்க! சத்தமாச் சொல்லுங்க!"

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. தினமும் கத்திப் பழகிய தொண்டைகள் அல்லவா? "வாயைத் திறங்க! சத்தமாச் சொல்லுங்க!" காடு அதிர்ந்தது. நரிக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இருங்கடா!" என்று கத்திவிட்டது.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மேலும் கீழுமாகக் கூர்கூரான கோரைப்பற்கள். ஓரத்தில் ஒரு கோழி இறகு வேறு சிக்கியிருந்தது.

அம்மா முயல் கையிலிருந்த கல்லை ஓங்கியது. "தூக்கித் தூக்கிப் பார்த்தது மார்க் போடறதுக்கு இல்லையா?" என்று கேட்டது. "என் பிள்ளையை எந்தப் படிப்புக்குய்யா கூட்டிட்டுப் போக இருந்தே?"

டைனோசருக்காக எடுத்த கற்கள் எல்லாம் நரியை நோக்கிப் பறந்தன. நரி ஓடிய ஓட்டத்தில் டை முள்மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அது திரும்பி வரவில்லை. அம்மா முயல் குண்டுமணியைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தது.

டைனோசர் குளக்கரையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அம்மா முயல் வீட்டுக்கு ஒரு காக்கை வந்தது.

"குண்டுமணி, மாமாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டு" என்றது அம்மா.

குண்டுமணி காக்கையின் எதிரில் போய் நின்றது. "மாமா, முதல்ல வாயைத் திறங்க" என்றது.

காக்கை திகைத்துப்போய்த் திறந்தது. குண்டுமணி எட்டிப் பார்த்தது. "அம்மா, மாமாவுக்குப் பல்லே இல்லை! அப்ப இவர் எப்படிச் சாப்பிடுறார்?"

அம்மா முயல் யோசித்தது. "தெரியலையே. வா, நாம ரெண்டு பேருமே கிட்டப் போய்ப் பார்ப்போம்" என்று காக்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பொருள் தெரியாமல் ஆயிரம் சொற்களைக் கத்துவதைவிட, ஒரே ஒரு பொருளைக் கேள்வி கேட்டுக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதே நம்மைக் காக்கும் கல்வி.