பலகையில் நான்காவது பெயர்

பாளையங்கோட்டையில் பியானோ பழுது பார்க்கும் எஸ்தரிடம் சீடராகச் சேர்ந்தபோது தங்கப்பழத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு. அதற்குமுன் முப்பத்தொரு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர் தங்கப்பழம். அவர் கை பட்ட வண்டியில் அடிபட்ட இடம் எதுவென்று இடித்தவனுக்கே தெரியாது என்பார்கள்.

ஒரு தேவாலயத்தின் பெரிய பியானோ வந்தது. எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நாலே நாளில் இறங்கிவிடுகிறதாம். கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். அடியிலிருந்த பலகையில் பென்சிலால் மூன்று பெயர்கள். 1938, 1961, 1989. சட்டத்துக்குப் புதிதாகப் பொன்வண்ணம் பூசியவர் அங்கே பெயர் எழுதுவது வழக்கம்.

“வேலை சரியா முடிஞ்சா நாலாவது பேரு உங்களுது, அண்ணாச்சி” என்றார் எஸ்தர்.

தங்கப்பழத்தின் பெயர் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. பெயிண்டர் பெயரை யார் எழுதுவார்கள்?

பழைய பூச்சைச் சுரண்டினார். குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தார். பொன்வண்ணம் அடித்தார். அதில் முகம் பார்க்கலாம்.

எஸ்தர் பார்த்தார். “சுரண்டுங்க.”

மறுபடி எட்டு நாள். முன்னைவிட மினுக்கம்.

“சுரண்டுங்க.”

தங்கப்பழத்துக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “வண்ணம் சரியில்லையாம்மா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“மேடு பள்ளமா?”

“இல்லை.”

“அப்புறம் என்னதான் தப்பு? தொழில் படிக்க வந்தவனைச் சுரண்டுற மிஷினாக்கிட்டீங்களே!”

எஸ்தர் சிரித்துவிட்டார். ஒரு தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தார். “சுரண்டினப்புறம் இதை வச்சுப் பாருங்க.” டீ குடிக்கப் போய்விட்டார்.

ஊசியை வைத்து எதைப் பார்ப்பது? ஒன்றும் தோன்றாமல், ஒவ்வொரு குழியாகக் குத்தி எண்ணினார். நாற்பது குழிகளிலும் பட்டி உதிர்ந்து, ஊசி உடனே இரும்பில் முட்டி நின்றது. அடுத்தது குழியல்ல, விரல்நீளக் கோடு. கீறல் என்று நினைத்து இரண்டு தடவையும் அவர் அடைத்த கோடு. அதில் ஊசி நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போயிற்று.

உதிர்ந்த தூளைக் காகிதத்தில் தட்டினார். முதலில் வந்தது அவருடைய ரோஸ் நிறப் பட்டி. அடுத்து சாம்பல். அப்புறம் வெள்ளை. கடைசியில் மஞ்சள். எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

எஸ்தர் வந்ததும் காகிதத்தை நீட்டினார்.

“சட்டத்துல விரிசல் விட்டிருக்கும்மா. அதான் சுருதி நிக்கலை.” குரல் தாழ்ந்தது. “நாலு பேர் மூடியிருக்கோம். நாலாவது ஆள் நான்.”

எஸ்தர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“எழுதுங்க.”

“எதை எழுத? வேலையே முடியலையே. இதுக்கு மேல பொன் பூசினா கோயிலை ஏமாத்தினதா ஆகும்.”

“அந்த மூணு பேரும் எழுதாம விட்டதை எழுதுங்க, அண்ணாச்சி.”