ஸ்டேட்மெண்ட் பேசும்

நெல்லிமடைப் பக்கம் ஒருவன் சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றிக் காரியத்தைக் கெடுத்துவிட்டால், "நீ சடையப்பனுக்குச் சொந்தமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சடையப்பனுக்கு ஆட்டு வியாபாரம். தம்பிகள் மொக்கராசும் வேலாண்டியும் கூட்டாளிகள். தொழிலில் குறை ஒன்றும் இல்லை. குறை வீட்டில்தான் இருந்தது.

அவன் மனைவி பஞ்சவர்ணம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். வாடகை வீட்டுக் கூரை ஒழுகி, ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு சமைத்தவள் அவள். "சொந்த வீட்டுல பால் காய்ச்சுற அன்னிக்குச் சொல்லி விடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அன்றிலிருந்து சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலாண்டி வைத்த குழம்பு பாதிக் காரணம், அவள் ஞாபகம் பாதிக் காரணம்.

மூவரும் வீட்டுக் கடன் கேட்டு பேங்குக்குப் போனார்கள். மேனேஜர் அம்மா பொறுமைசாலி.

"உங்க கணக்கோட ஆறு மாச ஸ்டேட்மெண்டப் பாத்துட்டுத்தான் கடன் குடுப்போம். மாசாமாசம் வருமானம் வரணும். கணக்குல நல்ல ஓட்டம் இருக்கணும். குடுத்த செக் திரும்பக் கூடாது. திடீர்னு பெரிய தொகை வந்தா, எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்போம். இதெல்லாம் சரியா இருந்தா அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஸ்டேட்மெண்டே பேசும்."

சடையப்பன் ஒரு சொல்லையும் சிந்தாமல் மனதில் வாங்கிக்கொண்டான்.

முதலில் ஓட்டம். சந்தைக் காசைப் போடப் போகும்போதெல்லாம் மொக்கராசு பாஸ்புக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பேங்கு வரைக்கும் ஓடினான். காய்ச்சல் கண்ட ஒரே ஒரு வாரம்தான் நடந்து போனான். அந்த வாரமும் வேலாண்டி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனதால் பாதி ஓட்டமாவது தேறியது.

அடுத்தது செக். புண்ணாக்குக் கடைக்குக் கொடுக்க வேண்டியதை வேலாண்டி கையில் எடுத்தபோது அது கிழக்கே பார்த்து இருந்தது. கடைக்குப் போகும் தெருவோ குளத்தங்கரையில் தெற்கே வளைகிறது.

"ஆளு திரும்பலாமாண்ணே?"

"ஆளப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லல. செக்குதான் திரும்பக் கூடாது."

வேலாண்டி செக்கைக் கிழக்கே நீட்டியபடி, உடம்பை மட்டும் திருப்பி, நண்டு நடை நடந்து கடை சேர்ந்தான். கணக்கில் பணம் இருந்ததால் பேங்கிலும் அது திரும்பவில்லை. வேலாண்டிக்குத்தான் கழுத்து பழையபடி திரும்ப நாளாயிற்று.

மே மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர்க் கமிட்டி ரசீது போட்டுக் கிடாய்களை மொத்தமாக வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு பெட்டையாடுதான் மிச்சம். கை நிறையப் பணத்தைப் பார்த்ததும் சடையப்பன் கலங்கிப்போனான்.

"பெரிய தொகையாச்சேடா. கேள்வி கேப்பாங்களே."

மொக்கராசு வழி சொன்னான். "திடீர்னு வந்தாத்தானே கேப்பாங்க? மெதுவாக் கொண்டு போவோம்."

காலையில் புறப்பட்டு அடிமேல் அடி வைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது பேங்கைப் பூட்டிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. கடைசியில் பேங்கு வாசலிலேயே படுத்துக் காலையில் உருண்டு உள்ளே போனார்கள். திடீரென்று வந்ததாக யாரும் குறை சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. கவுண்ட்டரில் ஸ்டேட்மெண்ட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். சடையப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஆடும் கூட வந்திருந்தது. மேனேஜர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கண் அசந்த நேரத்தில் ஆடு ஸ்டேட்மெண்ட்டைத் தின்றுவிட்டது.

பஞ்சவர்ணம் இனி எந்தக் காலத்திலும் வரமாட்டாள் என்று நினைத்தபோது சடையப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அழாதண்ணே. அழிஞ்சா போச்சு? இடந்தான மாறியிருக்கு" என்றான் வேலாண்டி.

"காகிதமா இருந்தப்ப அது எப்படிப் பேசும்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றான் மொக்கராசு. "இப்ப வாய் கெடச்சிருச்சு."

உள்ளே போனதும் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டை நாற்காலி ஓரம் நிறுத்தினார்கள். மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரிலேயே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தலை நிமிரவில்லை.

"வருமானம் சரியா இருக்கு. செக் எதுவும் திரும்பல. ஒரு தடவ மட்டும் பெரிய தொகை வந்திருக்கே, அது எந்த மாசம்?"

"மே" என்றது ஆடு.

"ஆமா, மே. எங்கிருந்து வந்துச்சு?"

ஆடு யோசித்தது. சடையப்பனின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கொடைக் கமிட்டி ரசீதைக் கவ்வி இழுத்தது. அது வாய்க்குள் போகும் முன்பே மேனேஜர் அம்மா பிடுங்கிப் படித்துவிட்டார். அப்போதுதான் ஆட்டைப் பார்த்தார். பொறுமைசாலி என்பதால் ஒன்றும் கேட்கவில்லை.

"கடன் கெடைக்கும். ஸ்டேட்மெண்டப் பத்திரமா வெச்சுக்குங்க. எதுக்கும் ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைங்க."

சடையப்பன் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான், சத்தம் வராமல்.

நேரே ஜெராக்ஸ் கடைக்கு ஆட்டை ஓட்டிப் போனார்கள். கடைக்காரர் ஆட்டையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார். "இதுக்கு அச்சு அசலா இன்னொண்ணு வேணும்னா, அது குட்டிதான் போடணும்" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் காத்திருந்தார்கள்.

வீடு எழும்பியது. பால் காய்ச்சும் நாளுக்குப் பஞ்சவர்ணம் வந்து இறங்கினாள். ஒழுகாத கூரையை அண்ணாந்து பார்த்து அவள் சிரித்ததும் சடையப்பனுக்கு அன்றைக்கே பசி எடுத்தது. நல்ல அறையாகப் பார்த்து, பீரோவுக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். காலடியில் முந்தின நாள் பிறந்த குட்டி.

"இது ஸ்டேட்மெண்ட். அது ஜெராக்ஸ்" என்று விளக்கினான் சடையப்பன்.

"மே" என்றது குட்டி.

"பாத்தியா, எழுத்து எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு."

பஞ்சவர்ணம் குட்டியைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "எல்லாஞ் சரி. பச்ச மையில ஆபீசர் கையெழுத்து எங்க? அது இல்லாம ஜெராக்ஸ் எங்கயும் செல்லாதே."

சடையப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. இவள் இல்லாமல் இத்தனை நாள் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று நினைத்துக்கொண்டான். பாலைக்கூடக் குடிக்காமல் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினான். பின்னாலேயே தம்பிகள் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அசலைப் பார்க்காமல் எந்த ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடுவார்?