ஒன்பதாம் பக்கத்து ஈர்க்குகள்

"ஒன்பதாம் பக்கத்துல அப்படி என்னதான் குறை?"

பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆவுடையப்பன் இதைக் கேட்டுவிட்டார். தென்காசியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவர், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஜெசிந்தா டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்து நாலு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்று. மகள் வயதுப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கப் போகிறீர்களா என்று வீட்டில் மனைவி கேலி செய்தாள். தெரிந்தவரிடம்தானே கேட்க முடியும், இதில் வயது எங்கே வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார்.

அந்தக் கடற்கரைப் பள்ளியில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

சிறுவர் நூல்களுக்குப் பரிசு கொடுக்கும் ஓர் அறக்கட்டளை, ஆண்டுதோறும் பரிசு வாங்கிய புத்தகத்தில் இரண்டு பிரதிகளை அங்கே அனுப்பிவைக்கும். பிள்ளைகளின் கருத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்கும். டீச்சர் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

புத்தகம் எப்படி என்று கேட்டால் பிள்ளைகள், "நல்லாருக்கு டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். டீச்சர் முகம் வாடக்கூடாது என்கிற நல்லெண்ணம்தான். அதனால் டீச்சர் கேட்பதை விட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு தென்னை ஈர்க்கைக் கொடுத்தார். காலையில் படிப்பு நேரத்தில் புத்தகம் கைமாறிப் போகும். எந்தப் பக்கத்தில் மூடத் தோன்றுகிறதோ அங்கே ஈர்க்கை வைத்து மூடிவிட வேண்டும்.

ஈர்க்குகள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு பிரதி தபாலில் அறக்கட்டளை வழியாக எழுதியவர் கைக்குத் திரும்பிப் போகும். இன்னொன்று பிள்ளைகளிடம் இருக்கும். இவ்வளவுதான் அவருடைய விமரிசனம்.

ஒரு வருடம் விலங்குகளைப் பற்றிய புத்தகம் ஒன்று யானைப் பக்கம் இல்லாமல் திரும்பியது. எழுதியவர் கொதித்துப்போய்க் கடிதம் போட்டார். அவருக்கு மட்டும் டீச்சர் ஒரு தபால் அட்டை எழுதினார். யானை ஒரு வீட்டுச் சுவரில் நலமாக இருக்கிறது என்று அதில் இருந்தது.

இன்னொரு வருடம் தங்க ஓரம் போட்ட புத்தகம் ஒன்று வந்தது. பத்தொன்பது ஈர்க்கும் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் இருந்தன. அதை எழுதியவர் கடிதம் போடவில்லை.

ஆவுடையப்பனின் தோணிக் கதைக்கு வந்த பதில்தான் விசித்திரம். பதினாறு பக்கப் புத்தகம். ஒன்பதாம் பக்கத்தில் பத்தொன்பது ஈர்க்கு. அதற்கு முன்னாலும் ஒன்றில்லை, பின்னாலும் ஒன்றில்லை.

பரிசுக் குழு அந்தக் கதையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பாராட்டுப் பத்திரம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஆனால் ஈர்க்குகள் வந்த நாளிலிருந்து ஆவுடையப்பனால் ஒரு வரி எழுத முடியவில்லை. நாலு மாதமாகப் பேனா மூடியபடி கிடக்கிறது. மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போகிற இரண்டாம் பதிப்பு வேறு அச்சுக்குக் காத்திருந்தது. தப்பான ஒரு பக்கம் அத்தனை பிள்ளைகள் கைக்கும் போவதை அவர் விடுவதாயில்லை.

கதை பெரிய கதை இல்லை. சிறுவன் முத்துவின் அப்பா தோணியில் மீன் பிடிக்கப் போகிறார். ஒன்பதாம் பக்கத்தில் பொழுது சாய்கிறது. எல்லாத் தோணியும் வந்துவிட்டன. அப்பாவின் தோணி மட்டும் வரவில்லை. முத்து கரையில் நிற்கிறான். பத்தாம் பக்கத்தில் தோணி வந்துவிடும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஆவுடையப்பன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

"குறைன்னு நான் சொன்னேனா ஸார்?" என்றார் டீச்சர்.

அது ஆவுடையப்பன் காதில் ஏறவில்லை. குறையைத் தேடி வந்தவருக்கு வேறு எதுவும் கேட்காது. பிள்ளைகளிடமே விசாரித்துக்கொள்கிறேன் என்று வராந்தாவுக்குப் போனார்.

ஆக்னஸ் என்று ஒரு சிறுமி தட்டோடு உட்கார்ந்து சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். நேரே புத்தகத்தில் இறங்கினால் மிரண்டுவிடுவாள் என்று நினைத்து, அப்பா எங்கே என்று கேட்டார். கடலுக்குப் போயிருக்காங்க என்றாள்.

"எப்ப வருவாரு?"

ஆக்னஸ் பாதி உரித்த முட்டையோடு தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கூச்ச சுபாவம் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விடாக்கண்டன், டீச்சர் கொடாக்கண்டன். ஊருக்குத் திரும்பியவர் அன்றைக்கே ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். புதுக் கதையில் தோணி மத்தியானமே வந்துவிட்டது. வலை நிறைய மீன், வீடு நிறையச் சிரிப்பு. அதைத் தட்டச்சு செய்து, தைத்து, பள்ளிக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என்று அனுப்பிவைத்தார். பத்து நாள் பொறுத்தார். தபாலை நம்பாமல் தானே மறுபடி மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பத்தொன்பது ஈர்க்கும் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே அவ்வளவு சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னார்.

டீச்சர் ஈர்க்குகளை ஒவ்வொன்றாக உருவினார். தட்டிச் சமமாக்கினார். ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக் கட்டி அவரிடம் நீட்டினார்.

"இது எதுக்கு டீச்சர்?"

"வாரியல் ஆச்சு ஸார். வீடு பெருக்கிக்கிடலாம்."

ஆவுடையப்பன் கையில் துடைப்பத்தோடு நின்றார். கோபம் வந்தது. பாதியில் நின்றாலும் பதில் இல்லை, முழுக்கப் போனாலும் மரியாதை இல்லை என்றால் மனிதன் எப்படித்தான் எழுதுவது என்று கேட்டார். இன்று சாயங்காலம் அச்சகத்துக்காரர் கேட்பார், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"காரணம் தெரியாம நான் பஸ் ஏறமாட்டேன். ராத்திரி இங்கயே கிடந்தாலும் சரி."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு பெல் அடிப்போம். பிள்ளைங்க பின்னாடியே போங்க. எதையும் கேக்காதீங்க. சும்மா இருங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேரே கரைக்குப் போனார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பையன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான்.

ஆவுடையப்பனின் முதல் பதிப்பு. உப்புக் காற்றில் அட்டை சுருண்டு, முனைகள் பஞ்சாகியிருந்தன. பையன் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தான். அங்கேயும் ஓர் ஈர்க்கு இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். மற்றவர்களும் கடலைப் பார்த்தார்கள்.

முதல் வள்ளம் மணலில் தட்டியது. அதன் முன்முனை அணியத்திலிருந்து குதித்தவர் அந்தப் பையனின் அப்பா. பையன் பக்கத்தைத் திருப்பினான். உதடு அசைய பத்தாம் பக்கத்தைப் படித்தான். சிரித்தான். மறுபடி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் இருந்தவள் மடியில் வைத்துவிட்டு, கயிறு பிடிக்க ஓடினான்.

அடுத்த வள்ளம் வந்தது. சில வள்ளங்களுக்கு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து திருப்பினார்கள், இரண்டு அப்பாக்கள் ஒரே வள்ளத்தில் போயிருந்ததால். படித்தார்கள், சிரித்தார்கள், ஒன்பதுக்குத் திருப்பி வைத்துவிட்டு ஓடினார்கள்.

ஆவுடையப்பன் கவிழ்த்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் பனைகளுக்குள் வெயில் இறங்கிவிட்டது. பதினெட்டுப் பேர் போய்விட்டார்கள். புத்தகம் ஆக்னஸ் மடியில் இருந்தது. அவள் ஈர்க்கை விரலால் தடவிக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரால் பொறுக்க முடியவில்லை. டீச்சர் சொன்னதை மீறினார்.

"பக்கத்தைத் திருப்பும்மா. அடுத்ததுல தோணி வந்துரும். நான்தான எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும் ஸார். நேத்தும் படிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு இன்னும் வரலல்லா."

வராந்தாவில் பாதி உரித்த முட்டையோடு அவள் எழுந்து போனது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. காலையில் வழியனுப்பும்போதும் கேட்பதில்லை, சாயங்காலம் கரையில் நிற்கும்போதும் கேட்பதில்லை. அவர் ஒரு சின்னப் பிள்ளையிடம் அதைக் கேட்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. அச்சகத்துக்காரர். புதுக் கதை எல்லாம் தயார், ஓட்டிவிடலாமா என்று கேட்டார்.

"நிறுத்துங்க. பழசையே போடுங்க."

ஒன்பதாம் பக்கம் வேண்டாம் என்று நீங்கள்தானே ஒற்றைக்காலில் நின்றீர்கள் என்றார் அவர்.

"அது இருக்கட்டும். அதுல கை வைக்காதீங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு ஆக்னஸ் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவளைப் போலவே கடலைப் பார்த்தார். பத்தாம் பக்கத்தை எழுதியவர் அவர்தான். தோணி வருமா என்று அவருக்குத் தெரியவில்லை.



வெகுநேரம் கழித்து மோட்டார் சத்தம் கேட்டது. ஆக்னஸ் எழுந்து நின்றாள். வள்ளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அவள் பக்கத்தைத் திருப்பவில்லை. அது மணலில் தட்டி, அவள் அப்பா இறங்கி, தண்ணீருக்குள் கால் வைக்கும்வரை பொறுத்தாள்.

திருப்பினாள். கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள். சிரித்தாள்.

மறுபடி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, ஈர்க்கை வைத்து, புத்தகத்தை ஆவுடையப்பன் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.