டாஷ்போர்டில் ஒரு துளை

சிங்காநல்லூரில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு குரு, ஒரு சீடர். குரு சௌடேஸ்வரிக்கு வயது முப்பத்தாறு. பழைய கார்களுக்கு டிங்கர் வேலை செய்பவர். ஊரில் எல்லோருக்கும் மேஸ்திரி. சீடர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது. தபால் இலாகாவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பெயரில் இருந்த ஞானம் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, டிபன் பாக்ஸோடு வந்து மேஸ்திரியிடம் வேலை பழகச் சேர்ந்தார்.

உண்மையில் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு கார். 1955-ஆம் வருஷத்து பிளிமத். ஒரு அரிசி ஆலையின் பின்புறம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதை வாங்கினார். ஒன்பது வருஷம் அதைத் திருத்தினார். கம்பெனி புத்தகத்தில் இல்லாத ஒரு திருகாணிகூட வண்டியில் இருக்கக்கூடாது என்பது அவர் விரதம். அமெரிக்காவில் இருந்து வந்த கதவுப் பிடி ஒரு வருஷம் பிந்திய மாடல் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் மனைவி திலகவதிக்குக்கூட அவ்வளவு பார்த்து எதுவும் வாங்கியதில்லை.

வண்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போது ஸ்கூட்டரில் இருந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடது முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பிளிமத்துக்கோ கிளட்சை இடது காலால்தான் மிதிக்க வேண்டும். தை மாதம் வண்டி பளபளவென்று தயாராகி நின்றது. ஓட்ட வேண்டியவரால் ஓட்ட முடியவில்லை.

அதற்கு வழி இருந்தது. கிளட்சைக் கையால் இழுக்கிற மாதிரி ஒரு லீவர் பொருத்தலாம் என்றார் மேஸ்திரி. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், டாஷ்போர்டில் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஒரே ஒரு துளை. அதன் வழியே கம்பி போகும். கீழே வைத்தால் கை எட்டாது. ஒரு காலைப்பொழுது வேலை.

ஞானசிகாமணி அன்றிரவு தூங்கவில்லை. காலையில் வந்து கேட்டார்.

“மேஸ்திரி, துளை போடலாங்களா, வேண்டாங்களா?”

“உங்க வண்டிங்க சார்.”

“அதனாலதாங்க குழப்பமா இருக்கு.”

திங்கட்கிழமை போடலாம் என்றார். மேஸ்திரி சாக்பீஸால் டாஷ்போர்டில் ஒரு புள்ளி வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஞானசிகாமணியே அதைத் துணியால் துடைத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போடலாம் என்றார். மறுபடியும் புள்ளி, மறுபடியும் துணி. துளை போட்டால் அது கம்பெனி வண்டி இல்லை. போடாவிட்டால் அவர் ஓட்டுகிற வண்டி இல்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மேஸ்திரி கோபப்படவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. கேட்டபோதெல்லாம் புள்ளி வைத்தார்.

பத்தாம் நாள் ஞானசிகாமணிக்கே பொறுக்கவில்லை. குரு என்றால் ஒரு வழி சொல்ல வேண்டாமா என்று சத்தம் போட்டார். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது.

“ஏறுங்க சார். ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்” என்றார் மேஸ்திரி.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டி கிளம்பியது. மேஸ்திரி ஓட்டினார். ஞானசிகாமணி இடப்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷம் காத்திருந்த முதல் சவாரி. அவர் அதை அனுபவித்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாவது கியரை லேட்டாகப் போட்டீர்கள் என்றார். பிரேக்கை இப்படி மிதிக்கக்கூடாது என்றார். திருப்பத்தில் ஹாரன் அடிக்கச் சொன்னார். மேஸ்திரி எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்தார்.

ஒரு குறுகலான தெருவுக்குள் போனதும் மேஸ்திரி நடுத்தெருவில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய், எதிரே இருந்த தள்ளுவண்டிக்காரரிடம் கரும்பு ஜூஸ் சொன்னார்.

பின்னால் டவுன் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. ஞானசிகாமணி மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் சேர்ந்துகொண்டன.

ஞானசிகாமணி தன் காலைக் கையால் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் நகர்ந்தார். இடது கால் உலக்கை போல நீட்டிக்கொண்டு நின்றது. வலது காலால் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டார். காலை எடுத்ததும் வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துபோனது. வியர்த்துக் கொட்டியது.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“யாருதுங்க வண்டி?”

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். என்னுது என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கை தானாக உயர்ந்து கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மேஸ்திரியைக் காட்டியது.

“அப்ப நீங்க தள்ளி உக்காருங்க. ஓட்டறவங்க ஏறட்டும்” என்றார் கண்டக்டர். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாக வலித்தது.

திரும்பி வரும்போது ஞானசிகாமணி கியரைப் பற்றியும் பேசவில்லை, பிரேக்கைப் பற்றியும் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

பட்டறைக்கு வந்ததும் சாக்பீஸை எடுத்து ஞானசிகாமணியே புள்ளி வைத்தார். டிரில் மெஷினையும் அவரே எடுத்தார். மேஸ்திரி வாங்கிக்கொள்ளவில்லை. தகடு கிறீச்சிட்டது. இரும்புச் சுருள்கள் புது சீட்டின் மேல் உதிர்ந்தன. துளையின் ஓரத்தில் பெயின்ட் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது.

ஞானசிகாமணி சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார். மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

“குழப்பம் தீரலைங்க மேஸ்திரி. இன்னும் கூடத்தான் ஆயிருக்குது. ஒம்பது வருசமா இது கம்பெனி வண்டின்னு சொல்லிட்டு இருந்தேன். இனிமே ஒருத்தர் வந்து யாருது வண்டின்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

மேஸ்திரி குனிந்து சீட்டின் மேல் கிடந்த இரும்புத் தூளை ஊதினார்.

“உங்க கைக்குன்னு போட்ட இந்த ஓட்டையப் பாத்த பின்னாடியும் கேப்பாங்களா சார்?”