எட்டுக் கடைக்கு ஒரு வாளி

ஒரு ஊரில் ஒரு சிவப்பு மணல் வாளி இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொல்லை முழுக்க அங்கேதான் தொடங்கியது.

தீபாவளி வந்தால் அந்த ஊர்ச் சந்தைத் திடலில் எட்டுப் பட்டாசுக் கடை போடுவார்கள். தகரக் கொட்டகை, கடைக்கும் கடைக்கும் நடுவில் இடைவெளி, கடைக்கு ஒரு மணல் வாளி. வாளி இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது. விதி நல்ல விதிதான், அதை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர்கள் எட்டுப் பேரும் கூடிப் பேசி, எட்டு வாளி எதற்கு வெட்டிச் செலவு, அதிகாரி என்ன ஒரே நேரத்தில் எட்டுக் கடையிலுமா நிற்கப் போகிறார் என்று ஒரே ஒரு வாளியை வாங்கினார்கள் பாருங்கள், அந்தப் புத்தியை எதில் கொண்டு போய்ச் சேர்ப்பது?

ஆய்வு நாள் வந்தது. அதிகாரி முதல் கடையில் மணலைத் தொட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட உட்கார்ந்ததும் கையில் பால் டம்ளரைக் கொடுத்தார்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் வாளி கொட்டகைக்குப் பின்பக்கமாக இரண்டாம் கடைக்குப் போய்விட்டது. இப்படியே மூன்று, நான்கு என்று ஓடி, எட்டாம் கடைக்கு வந்து சேர்ந்தபோது வாளிக்குத் தலை சுற்றியது.

"பரவாயில்லையே, எல்லாரும் ஒரே மாதிரி வாளி வச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி.

"சங்கத்துல பேசி மொத்தமா வாங்குனோம் சார்" என்றார் முதல் கடைக்காரர் சௌந்தரபாண்டியன். சங்கத் தலைவரும் அவர்தான்.

எட்டு வாளியும் ஒரே இடத்தில் நசுங்கியிருப்பது எப்படி என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டால் அவருக்குத்தானே வேலை.

எட்டாம் கடை செண்பகவல்லியுடையது. இத்தனை வருஷம் அடுத்தவர் கடையில் பட்டாசுப் பொட்டலம் கட்டியவள். இந்த வருஷம்தான் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். லைசென்ஸ் நிலைத்தால் அடுத்த வருஷமும் முதலாளி, போனால் மறுபடியும் பொட்டலம். அவள் லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள்.

"நான் இப்ப எங்க இருக்கேன்?" என்று கேட்டது வாளி.

"எட்டுக் கடையிலயும்" என்றது லைசென்ஸ்.

"விளையாடாத. நான் ஒரே ஆளு."

"எழுத்துல எட்டு. எழுத்துல இருந்தா இருக்கிறதுதான். சந்தேகம்னா என்னைப் படிச்சுப் பாரு."

"நான் இருக்கேனா இல்லையான்னு உன்கிட்ட கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"முறைப்படி பார்த்தா, ஆமா" என்றது லைசென்ஸ்.

மேல் தட்டிலிருந்த சரவெடிக்குப் பொறுக்கவில்லை. "உங்க வழக்கை அப்புறம் வச்சுக்கோங்க. எனக்கு ஒரு பொறி போதும். பத்திக்கிட்டா நடுவுல நிறுத்த எனக்குத் தெரியாது. அது என் பிறவிக்குணம். வாளியண்ணே, நீங்க இந்தக் கடையிலயே இருந்துருங்களேன்."

"நானா மாட்டேங்குறேன்?" என்றது வாளி எரிச்சலோடு. "எனக்கென்ன காலா இருக்கு? கைப்பிடிதான் இருக்கு. தூக்குறவன் கூடத்தான் போயாகணும்."

சொல்லி வாய் மூடவில்லை, சௌந்தரபாண்டியன் வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அது இங்கேயே இருக்கட்டுமே" என்றாள் செண்பகவல்லி. "கடைசிக் கடை. காத்து பூரா இந்தப் பக்கமாத்தான் அடிக்குது. பயமா இருக்கு."

"சங்கத்துப் பொருளு சங்கத் தலைவர் கடையிலதான் இருக்கணும் தங்கச்சி. லைசென்ஸ்தான் வந்துருச்சுல்ல, இனி என்ன பயம்?" என்று வாளியோடு முதல் கடைக்குப் போனார்.

கேட்டீர்களா? லைசென்ஸ் வந்தால் தீ வராதாம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய. நாமே ஒரு வாளி வாங்கிவிடலாமா என்று செண்பகவல்லியும் நினைத்தாள். வியாபாரம் சூடு பிடித்தது, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுவிட்டாள். அவளையும் சேர்த்துத்தான் திட்டவேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் அதிகாரி இரண்டாம் முறை ஆய்வுக்கு வந்தார். போன முறை போலவே முதல் கடையில் ஆரம்பித்தார். மணலைத் தொட்டார், பால் டம்ளர் வந்தது.

அதே நேரம் ஏழாம் கடையில் ஒருவர், "புஸ்வாணம் உயரமாப் போகுமா? ஒண்ணு பத்தவச்சுக் காட்டுங்க" என்று அடம் பிடித்தார். இங்கு பட்டாசு வெடிக்கக் கூடாது என்று தலைக்கு மேலே ஆளுயரப் பலகை தொங்குகிறது. அதற்குக் கீழேயே கொளுத்தினார் கடைக்காரர். புஸ்வாணம் நன்றாகத்தான் போனது. அதன் பொறி காற்றில் போய் எட்டாம் கடையின் வாசல் துணியில் விழுந்தது.

"வாளி, வாளி" என்று கத்தினாள் செண்பகவல்லி. "உள்ள யாரும் நிக்காதீங்க, வெளிய ஓடுங்க."

முதல் கடையில் வாளிக்கு அது கேட்டது. "என்னைத் தூக்குங்கடா, யாராவது தூக்குங்கடா" என்று அதுவும் கத்தியது. வாளி கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதிகாரியின் கண்முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட யாருக்கும் தைரியம் இல்லை.

செண்பகவல்லி சாக்கால் அடித்தாள், பிறகு கையால் அடித்தாள். சரவெடி சொன்னபடியே நடுவில் நிறுத்தவில்லை. திடலோரத்து டீக்கடைக்காரர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தபோது கடையில் தகரம்தான் மிச்சம். உயிர்ச்சேதம் இல்லை. அவள் கை இரண்டும் வெந்துவிட்டது. லைசென்ஸ் உறையோடு உருகிக் கல்லாவில் ஒட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் சௌந்தரபாண்டியனின் ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சாம்பலுக்கு நடுவில் வைத்தான். பின்னாலேயே அதிகாரியும் ஓடிவந்தார்.

மூச்சு வாங்கியபடி அவர் வாளியைப் பார்த்தார். "வாளி இங்கதான இருக்கு? மணலும் நிறைய இருக்கு. ஏம்மா எடுத்துப் போடல?"

"சார், இது இப்பத்தான் வந்துச்சு. நீங்களும் அது கூடத்தான ஓடி வந்தீங்க."

"கடையில வாளி இருக்குன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க. நானும் போட்டிருக்கேன். அப்ப அது பொய்யா?"

அவள் மற்ற கடைக்காரர்களைப் பார்த்தாள். ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதட்டத்துல மறந்திருப்ப தங்கச்சி" என்றார் சௌந்தரபாண்டியன் மெதுவாக. "வாளி இருந்துச்சுன்னு சொல்லிரு. மத்ததைச் சங்கம் பாத்துக்கும்."

அடப்பாவி, என்றது வாளி. இத்தனை நாள் எட்டுக் கடையிலும் நான் இருந்ததாகச் சொன்னீர்கள், பொறுத்துக்கொண்டேன். எரிந்த கடையிலும் நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன் என்றா சொல்ல வேண்டும்?

"பொய்தான் சார்" என்றாள் செண்பகவல்லி. "நானும் சொன்னேன், எட்டுப் பேரும் சொன்னோம். என் லைசென்ஸ் போகட்டும். எட்டுக் கடைக்கும் ஒரே வாளின்னு எழுதிக்கோங்க."

அதிகாரி காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுல வாளி இருக்கா, இல்லையான்னுதாம்மா கேட்டிருக்கு. நீ சொல்றதை எழுத இடம் இல்ல." பிறகு 'இருக்கிறது' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'உரிமையாளர் பயன்படுத்தவில்லை' என்றும் எழுதினார்.

செண்பகவல்லி வாளிக்குப் பக்கத்தில் போனாள். கையால் எதையும் தொட முடியவில்லை. காலால் வாளியைக் கவிழ்த்தாள். மணல் முழுக்கச் சாம்பலில் கொட்டியது.

"இப்பப் பாத்து எழுதுங்க" என்றாள்.

மற்ற கடைக்காரர்கள் பதறி ஓடிவந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி வாளியில் போட்டார்கள். அதிகாரி அவர்கள் கடையை இன்னும் பார்த்து முடிக்கவில்லை.