பீர்க்கங்காயில் வெல்லம்

பொன்னுரங்கத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குரு வடிவாம்பாளுக்கு நாற்பத்திரண்டு. மலையடிவாரத்து மடத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அவருக்கும் அதில் குறையில்லை. குறையெல்லாம் சாப்பாட்டில்தான்.

இருபத்தெட்டு வருடம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் மசாலாப் பொடி கலந்தவர் அவர். பாக்கெட்டைப் பிரித்தவன் அது காலியாகும் வரை கையை எடுக்கக் கூடாது, அப்படிக் கலக்க வேண்டும். கலந்தார். கடைசியில் கையை எடுக்க முடியாதவர்களில் அவரும் ஒருவரானார். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது, இரண்டு மாதத்துக்குள் உப்பையும் பாக்கெட்டையும் விடாவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மடத்துக்கு வந்தார்.

வந்தவர் இடுப்பில் ஒரு பொடி டப்பாவும் கொண்டுவந்தார். மடத்துச் சோறு அவர் வாயில் மண்ணாக இருந்தது. யாரும் பார்க்காதபோது தூவிக்கொள்வார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு வாரத்தில் வெட்கம் தாங்காமல் டப்பாவைக் குருவின் முன்னால் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கோங்கம்மா. என்னால விட முடியல."

"நான் வாங்கி வச்சா, நாள் பூரா என் அலமாரியைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பீங்க ஐயா. உங்ககிட்டயே இருக்கட்டும். மொத வாய் மட்டும் பொடி இல்லாம, நல்லா மென்னு சாப்பிடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"ஒரு வாய் போதுமா?"

"அதை மொதல்ல சாப்பிடுங்க."

இவ்வளவு லேசான வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் செய்தார். முதல் வாய் தண்டனையாக இருந்தது, போகப் போகச் சகித்துக்கொள்ள முடிந்தது. மாலை நாலு மணிக்குக் கை தானாகப் பாக்கெட்டைத் தேடும். அப்போது தோட்டத்து வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துச் சமாளிப்பார். ஒரு வாய் எப்போது ஐந்தானது என்று அவருக்கே தெரியாது. டப்பாவைத் திறக்க மறந்த நாளும் வந்தது.

நாற்பதாம் நாள், பந்தியில் பாதியில் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அன்று மடத்துப் பெண்களில் ஒருத்தியான மாடத்தியின் சமையல். பீர்க்கங்காய்க் கூட்டில் ஏன் வெல்லம் போட்டாய் என்று அவளை அதட்டினார். போடவில்லை என்றாள். ஒரு கிலோ பொடியில் ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடித்த நாக்கு இது, இதை ஏமாற்ற முடியாது என்றார். அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். மடத்தில் வெல்லம் தீர்ந்து மூன்று மாதமாகிறது என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த வடிவாம்பாள் சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானே இருக்கு," என்றார்.

பொன்னுரங்கம் நம்பாமல் தானும் ஒரு துண்டை எடுத்து மென்றார். இனித்தது. அவசரமே இல்லாமல், மென்று முடிக்கிற நேரத்தில் மெல்ல இனித்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியும் கையுமாக நின்றார்.

"அம்மா, இது காயோட ருசியா?"

"மாடத்திகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"அப்படியே பீர்க்கங்காய்கிட்டயும் கேட்டுருங்க," என்றார் வடிவாம்பாள். "இருபத்தெட்டு வருஷமா அதை ஒரு வார்த்தை பேச விடலியே நீங்க."