மோதிரம் போட்ட எலும்பு

ஒரே ஒரு ஊராம். அந்த ஒரே ஊருக்கு ஒரே ஒரு ஆஸ்பத்திரி, அந்த ஒரே ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே மிஷின், அந்த ஒரே மிஷினுக்கு மட்டும் மூன்று பேராம். மொட்டையம்பாளையத்தில் இதை அதிகம் என்று யாரும் சொன்னதில்லை. ஒருவர் மறந்ததை மற்ற இருவரும் மறக்க வேண்டுமே, அதற்கு ஆள் வேண்டாமா.

மூவரில் மூத்தவர் தெய்வசிகாமணி. அடுத்தவர் ஆரோக்கியம், யோசனை சொல்வது அவர் வேலை. மூன்றாமவன் நாச்சிமுத்து, பட்டன் அமுக்குகிறவன். அமுக்குவதில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எலும்புப் படம் எடுக்கிற பயிற்சியில் இரண்டு தடவை தேறாமல் போயிருந்தான். இந்தத் தடவையும் சான்றிதழ் வாங்காவிட்டால் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போக வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியோ மேட்டின் மேல் இருந்தது. கேட்டிலிருந்து வார்டு வரைக்கும் ஒரே ஏற்றம். அந்த ஏற்றத்தை நினைத்தாலே நாச்சிமுத்துவுக்கு உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கும்.

பயிற்சி கொடுக்கக் கோமளவல்லி மேடம் வந்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் நாச்சிமுத்து நோட்டில் எழுதிக்கொண்டான். நடுவில் அவர் ஒரு தும்மல் போட்டார். அதையும் எழுதி, அடிக்கோடு போட்டான்.

முதல் நாள் மேடம் சொன்னார்: "படம் எடுக்கறப்ப கதிர் நம்ம மேல படக்கூடாது. மிஷினை விட்டு எவ்வளவு தள்ளி நிக்கறமோ அவ்வளவு நல்லது."

அடுத்த கணம் மூவரும் கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார்கள். அங்கே நின்றபடி யோசித்தார்கள்.

"இது போதுமாண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"ஈரோட்டு பஸ் நிக்குது. ஏறுனா இன்னும் நல்லதுதான்" என்றார் ஆரோக்கியம்.

தெய்வசிகாமணி நெற்றியைத் தடவிக்கொண்டார். "அதெல்லாஞ் சரிப்பா. பட்டனை யாரு அமுக்கறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூவரும் திரும்பி நடந்தார்கள். கால் படம் எடுக்க அவர்கள் மேசையில் படுக்க வைத்துவிட்டுப் போன கிழவர் அதற்குள் நன்றாகத் தூங்கி எழுந்து, கால்வலியும் குறைந்து, வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் பரீட்சை. அன்றைக்கென்று பார்த்துக் குப்பண்ணன் வந்து சேர்ந்தார். மாட்டுக்கொட்டாய்க் கூரையில் ஓடு மாற்ற ஏறி, ஓட்டோடு இறங்கியிருந்தார். இடது மணிக்கட்டு பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கூட வந்தவர் அவர் மனைவி பொன்னாயி.

"இவரை நீங்களே எடுங்க" என்றார் கோமளவல்லி மேடம். "மூணே விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. நோயாளி மேல உலோகம் இருக்கக் கூடாது. கழட்டுன நகை உங்க பொறுப்பு, கண்ட இடத்துல வைக்காதீங்க. படமோ காகிதமோ, எதை யாருக்குக் கொடுத்தாலும் அதுல இருக்கறது அவரேதானான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கையில கொடுக்கணும்." சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார்.

குப்பண்ணனின் வீங்கிய கை விரலில் ஒரு மோதிரம். சோப்புப் போட்டு, அவர் கத்தாத அளவுக்கு உருவினார்கள். கண்ட இடத்தில் வைக்கக் கூடாதே. நாச்சிமுத்து தன் விரலிலேயே மாட்டிக்கொண்டான். அவன் விரல் பருமன். அழுத்தித் தள்ளினான், உள்ளே போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

குப்பண்ணன் கையை வைத்தார். நாச்சிமுத்து அமுக்கினான். படம் வந்தது, கண்ணாடி மாதிரி. மூவரும் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தடவை படத்தையும் ஒரு தடவை குப்பண்ணனையும் பார்த்தார்கள்.

"அண்ணா, இவரு இல்லீங்களே" என்றான் நாச்சிமுத்து மெதுவாக.

"எதை வெச்சுச் சொல்ற?" என்றார் ஆரோக்கியம்.

"இவரு நல்ல கறுப்பு. படத்துல இருக்கறவரு வெள்ளையா இருக்காரு. ஒடம்பும் ரொம்ப எளைப்பு."

தெய்வசிகாமணி பொன்னாயியைக் கூப்பிட்டார். "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. இது உங்க ஊட்டுக்காரர் கையா?"

பொன்னாயி படத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லீங்க. இருபது வருசமா அவரு கையில மோதரம் இருக்குதுங்க. இது ஆரோ மோதரம் இல்லாதவங்க."

"ஏய், அது என் கைதான் புள்ள" என்றார் குப்பண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. உழுந்ததுல மூளை கலங்கிப் போச்சு."

விஷயம் சிக்கலாகிவிட்டது. மோதிரம் இருந்தால்தான் குப்பண்ணன். மோதிரத்தோடு எடுத்தால் பரீட்சை போச்சு. நாச்சிமுத்துவின் கண்ணில் ஸ்ட்ரெச்சரின் நான்கு சக்கரங்களும் சுற்றின.

ஆரோக்கியம் தொண்டையைச் செருமினார். "மேடம் என்ன சொன்னாங்க? நோயாளி மேல உலோகம் கூடாது. நாச்சிமுத்து நோயாளியா?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப உன் கையை வை."

மோதிரத்தோடு தன் கையை வைத்து, இன்னொரு கையால் தானே அமுக்கிக்கொண்டான் நாச்சிமுத்து. படம் வந்ததும் பொன்னாயி முகம் மலர்ந்தது. "இதாங்க. இதேதான். ஒரு பக்கம் நெளிஞ்சிருக்குது பாருங்க, எருமை முட்டுனது."

அதில் எலும்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. "ஒண்ணுமில்லீங்க, கூடிருச்சு" என்று குப்பண்ணனிடம் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். "எலும்பே சரியாயிருச்சு, நீங்க என்ன வலிக்குதுங்கறீங்க" என்று பொன்னாயி அதட்டினார்.

நல்ல வேளை, கோமளவல்லி மேடம் வந்துவிட்டார். வீக்கத்தைப் பார்த்தார், மேசையில் கேட்பாரற்றுக் கிடந்த முதல் படத்தைப் பார்த்தார், குப்பண்ணனை மாவுக்கட்டுப் போட அனுப்பினார். பிறகு படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"இதை யார் எடுத்தது?"

"நானுங்க. தப்புங்களா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. விரிசல் துல்லியமாத் தெரியுது. நீ தேறிட்டே." சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "பேரை எழுதி, ஒரு போட்டோ ஒட்டிக்கோ. சமீபத்துல எடுத்ததா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

நாச்சிமுத்துவிடம் இருந்த போட்டோவோ கல்யாணத்தில் எடுத்தது. ஆறு வருஷப் பழசு. அவனைச் சமீபத்தில் எடுத்தது என்று பார்த்தால் காலை பதினொன்றரை மணிக்கு மோதிரத்தோடு எடுத்த கைப்படம் ஒன்றுதான். குப்பண்ணனிடமிருந்து அதைக் கேட்டு வாங்கி, மோதிர விரல் மட்டும் வருகிற மாதிரி கத்தரித்து ஒட்டினார்கள். கச்சிதமாக இருந்தது.

கொடுக்கப் போன தெய்வசிகாமணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பொறு. உறுதி பண்ணிட்டுத்தான் கொடுக்கணும். இதுல இருக்கறது ஆரு?"

நாச்சிமுத்து நோட்டைப் புரட்டினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "குப்பண்ணனுங்க. அவங்க ஊட்டம்மாவே சொல்லிட்டாங்க."

சான்றிதழில் குப்பண்ணன் பேரை எழுதி, மாவுக்கட்டோடு வந்தவரிடமே கொடுத்தார்கள். வேலையும் அவருக்குத்தானே. பட்டனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் வலது கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிடித்திருந்தது.

"அப்ப எங்க ஊட்டு மோதரம்?" என்றார் பொன்னாயி.

நாச்சிமுத்து இழுத்தான். ஆரோக்கியம் இழுத்தார். சோப்புப் போட்டு இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மோதிரம் அசையவில்லை. நகையோ அவன் பொறுப்பு. அது பொன்னாயி வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். இங்கே இருந்தால் நாளைக்கு ஸ்ட்ரெச்சர்.

"எருமைக்குத் தண்ணி காட்டத் தெரியுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொன்னாயி வெளியே நடந்தார்.

"சொல்லுங்கக்கா, எழுதிக்கறேன்" என்று நோட்டைத் திறந்தபடி நாச்சிமுத்து பின்னால் போனான். மோதிரக் கையை மட்டும் பத்திரமாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். கேட்டு வரைக்கும் இறக்கம்தான். அவனுக்கு மூச்சே வாங்கவில்லை.